பாஸ் வரும்வரை காத்திருக்கும் வீடுகள்

போன வாரம் தங்கச்சி வீட்டுக் குசினியில் டெப் ஒழுகியது. எட்டு நாளாக ஒழுகியதாம். மச்சான் கட்டாரில். பாஸுக்குப் போன் எடுத்தால் "நாளைக்கு வாறன்" என்கிறார். எட்டாம் நாள் உம்மா போனார். வெளியே இருந்த மெயின் வால்வைப் பூட்டினார், டெப்பின் தலையைக் கழற்றினார், தேய்ந்த வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். கடைக்குப் போய்வந்த நேரத்தையும் சேர்த்து அரை மணித்தியாலம்.

அந்த வால்வு எங்கே இருக்கிறதென்றே தங்கச்சிக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு அவளுக்குக் கொடுத்த வீடு அது. எனக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன், வாஷர் மாற்றத் தெரியாது.

உம்மாவுக்கு யார் படிப்பித்தது? யாருமில்லை. வீடு கட்டும்போது அவர் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த "பக்கத்தில் நின்றதற்கு" நம் நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

முதலில் கிடுகு வீட்டுக் காலம். கிடுகு சில மாரிக்கு மேல் தாங்காது. மழைக்கு முன் கூரையை மாற்றத்தான் வேண்டும். ஓலையை ஊறப்போட்டுப் பின்னுவது பெரும்பாலும் பெண்கள். வேய்வதற்கு அயலவர்கள் வருவார்கள், சாப்பாடுதான் கூலி. அந்த வீடு பலவீனமானது, உண்மை. ஆனால் எந்த மூலையில் ஒழுகும், எந்தத் தடி உக்கியிருக்கிறது என்பது வீட்டிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது அரசாங்கம் வந்த காலம். 1978 இல், ரணசிங்க பிரேமதாச பிரதமராக இருந்தபோது, ஒரு இலட்சம் வீட்டுத்திட்டம் தொடங்கியது. அதில் ஒரு பகுதியை அரசு கட்டியது, இன்னொரு பகுதியை அரச உதவியோடு குடும்பங்களே கட்டின. குடும்பங்கள் கட்டியவை குறைந்த செலவில் முடிந்தன. அந்த அனுபவத்தில்தான் 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் வந்தது. 1989 வரை நடந்தது.

அதன் யோசனை எளிமையானது. அரசு வீடு கட்டித் தராது. சிறு கடனும் ஆலோசனையும் தரும். புது வீடா, பழைய கூரையைத் திருத்துவதா, மலசலகூடமா என்று வீட்டுக்காரர் தீர்மானிப்பார். வீடு திருத்துவதற்கே தனியாகக் கடன் வகை இருந்தது என்பதைக் கவனியுங்கள். திட்டத்தில் குறைகளும் இருந்தன. கடன் ஒழுங்காகத் திரும்பி வரவில்லை, அரசியல் இலாபமும் கலந்திருந்தது, யுத்தத்தால் வடக்கு கிழக்கை முழுதாக எட்டவில்லை. ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது. வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு ஒன்று வேண்டுமென்று 1980 இல் ஐ.நா. பொதுச்சபையில் கேட்டவர் பிரேமதாசதான். 1987 அந்த ஆண்டாக அறிவிக்கப்பட்டது.

இந்தச் சிந்தனை இங்கே மட்டும் பிறந்ததல்ல. பெரு நாட்டில் ஏழைகள் தாங்களே கட்டிய குடியிருப்புகளில் 1957 முதல் வேலை செய்த ஜோன் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர், 1972 இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பே வீட்டை ஒரு வினைச்சொல் என்கிறது. இலக்கணப் பாடத்தில் "வீடு என்ன சொல்?" என்று கேட்டால் பிள்ளைகள் பெயர்ச்சொல் என்பார்கள். சரிதான். ஆனால் வீட்டில் வாழ்கிறவருக்கு அது முடியாத வேலை.

மூன்றாவது, நாங்கள் கண்ணால் கண்டது. 2004 டிசம்பர் 26. அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் முற்றாகவோ பகுதியாகவோ சேதமாயின. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டத் தடை என்றார்கள். அதற்குள் இருந்தவர்களுக்கு நிறுவனங்கள் வேறிடத்தில் வீடு கட்டித் தரும். அதற்கு வெளியே இருந்தவர்கள் தாங்களே கட்ட வேண்டும். முற்றாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, நான்கு கட்டமாக. பகுதிச் சேதத்துக்கு 100,000.

நாங்கள் வெளியே இருந்தோம். அத்திவாரம் முடிந்து தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்தால்தான் அடுத்த காசு. வாப்பா வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார். சீமெந்து மூடை எண்ணியது, சுவருக்குத் தண்ணீர் அடித்தது, பைப் எந்தப் பக்கத்தால் போகிறதென்று பார்த்தது எல்லாம் உம்மா. காணி உம்மாவின் சீதனம், காசு வந்தது வாப்பாவின் பேரில். எங்கள் பகுதியில் பல குடும்பங்களுக்கு இதே கதைதான்.

நாடு முழுவதும் பார்த்தால், வீட்டுக்காரர்களே கட்டிய வீடுகள்தான் பொதுவாக வேகமாக முடிந்தன. நிறுவனங்கள் கட்டியவற்றில் சில நல்லவை. சிலவற்றில் குசினியிலிருந்து புகை வெளியேற வழியில்லை, பெண்களுக்கு மறைவில்லை. கட்டியவர் போய்விட்டார், கேட்க ஆளில்லை. யுத்தத்துக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டமும் பெரும்பாலும் 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் கையில்தான் கொடுத்தது.

அப்படியானால் இடையில் என்ன நடந்தது? வீட்டைக் கட்டிய தலைமுறைக்குத் தெரிந்தது, வீட்டைச் சீதனமாகப் பெற்ற தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. உறுதியைக் கொடுத்தோம், திறப்பைக் கொடுத்தோம், வால்வு எங்கே என்று சொல்லவில்லை. "நீ படி, அதெல்லாம் பாஸ் பார்ப்பார்" என்று சொல்லி வளர்த்தோம். பள்ளிக்கூடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சுனாமி வீடுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பீலி துருப்பிடிக்கிறது, கொங்கிறீட்டுக்குள் கம்பி வீங்குகிறது, உப்புக் காற்று ஓயாது. சின்ன வெடிப்பை இன்று பூசினால் ஒரு கரண்டிச் சாந்து. விட்டுவிட்டால் ஐந்து வருடத்தில் சுவர். பாதிக்கப்படுவது யார்? மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கும், பேரில் மட்டும் வீடுள்ள நம் பெண்பிள்ளைகள்.

பாஸ்மாரின் தொழிலில் கைவைக்கச் சொல்லவில்லை. மின்சார வேலையைத் தெரிந்தவரே செய்யட்டும். ஆனால் அவர் வரும்போது போனோடு உள்ளே போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். கேளுங்கள். மகளையும் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

தங்கச்சி இப்போது மெயின் வால்வின் மேல் நீலப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். மிச்சம் இரண்டு வாஷர் குசினி லாச்சியில் கிடக்கிறது. அடுத்த டெப் எங்கள் வீட்டில் ஒழுகினால் நான்தான் கழற்ற வேண்டுமாம். உம்மா சொல்லிவிட்டார்.