ஜீப்பு வந்த வழி

எங்க ஊரு சேரிக்குள்ள ஜீப்பு நுழைஞ்சா ரெண்டே காரணந்தான். ஒண்ணு போலீசு. இல்லன்னா கு.க. ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க. என் சின்னம்மாவோட ரெண்டாவது புள்ளைக்கு வாந்திபேதி கண்டப்ப, ராத்திரியோட ராத்திரியா மாட்டுவண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரும் இல்ல, குளுக்கோஸ் பாட்டிலும் இல்ல. விடியறதுக்குள்ள புள்ள போயிருச்சு. மூணாவது பொறந்த கையோட அதே வாசலுக்கு ஜீப்பு வந்துச்சு. "அன்னிக்கு இந்த வண்டி எங்கம்மா நின்னுச்சு?"ன்னு சின்னம்மா கேட்டா. கூட வந்த நர்சம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

வண்டி எங்கே நின்றது என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1946இல் போர் குழு, பத்து முதல் இருபதாயிரம் பேருக்கு 75 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வேண்டும் என்றது. அது நாளாகும் என்பதால், முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றது. அந்தப் படுக்கைகள் நம் தெருப்பக்கம் வரவேயில்லை. 1952இல் குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமானது. ஆபரேசன் செய்துகொள்கிறவர் கையில் காசு கொடுக்கும் வழக்கத்தை 1950களிலேயே துவக்கிவைத்த பெருமை நம் சென்னை ராஜ்யத்துக்கு உண்டு. ஆணுக்கு 30 ரூபாய். ஆள் கூட்டிவந்தவனுக்குத் தனிக்காசு. நோய் வந்தவன் ஊசிக்கு லஞ்சம் கொடுத்த அதே கட்டடத்தில், நோயே இல்லாதவனுக்கு அரசு காசு கொடுத்தது. அன்றைய 30 ரூபாய் யாருக்குப் பெரிய தொகை? பண்ணையாருக்கா?

1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 63,000 பேருக்கு மேல். அவசரநிலையின்போது, 1976-77இல், 80 லட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் ஆண்கள். இந்த ஆபரேசன்களை ஒட்டி 1,774 சாவுகள் நடந்ததாக ஷா கமிஷன் பதிவு செய்தது. 1977 தேர்தலில் ஆண்களின் கோபத்தைக் கண்டு பயந்த அரசு, கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பிக்கொண்டது. பெண்ணின் கோபத்துக்கு ஓட்டு மதிப்பு இல்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல.

2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், பெஞ்சு மேல் கிடத்தி இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுத்தார் ஒரே டாக்டர். 2014 நவம்பரில் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே நாளில் 83 பெண்கள். 13 பேர் செத்தார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்பட்ட சாதிப் பெண்கள். அரசு அதற்கு முந்தைய நிதியாண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் செலவழித்ததில் ஏறத்தாழ 85 சதம் பெண்களின் ஆபரேசனுக்கே போயிருந்தது. இம்மாதிரி முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

இதை எழுதுவதால் கருத்தடைக்கு அரசு காசு தரக் கூடாது என்கிறேனா? இல்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே தர வேண்டும் என்ற தீர்மானம் அம்பேத்கருடையது. அவர் சார்பில் ரோஹம் கொண்டுவந்தார். 52க்கு 11 என்று தோற்கடித்தார்கள். பெரியாரும் பெண் விடுதலைக்காகத்தான் கர்ப்பத்தடையைப் பேசினார். பெண் தானாக விரும்பிக் கேட்பதை அரசு கொடுப்பது வேறு. அவள் கேட்டதை மறுத்துவிட்டு, கேட்காததைக் காசோடு கொண்டுவந்து நிறுத்துவது வேறு. முதலாவதில் அவள் குடிமகள். இரண்டாவதில் அவள் டார்கெட்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை ஆபரேசன் 37.9 சதம், ஆண் ஆபரேசன் 0.3 சதம். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 53 சதம். கத்தி போன வீட்டுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை போகவில்லை.

சின்னம்மா கடைசியில ஆபரேசன் பண்ணிக்கிட்டா. இன்னொன்னு பெத்து அதையும் குழியில போட என்னால ஆகாதுன்னுதான் போனா. குடுத்த காசுல ஆயாவுக்குக் கொஞ்சம், பஸ்ஸுக்குக் கொஞ்சம் போக, மிச்சத்துல மெடிக்கல்ல ஒரு ரத்த டானிக் வாங்கிக்கிட்டு வந்தா. ஆஸ்பத்திரியில அது ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்களாம்.