ஒரே துண்டுச் சீட்டு, இரண்டு விடை

தியாகதுருகம் பக்கம் ஒரு பொண்ணு குட்டையா இருந்து, பதினாறு தாண்டியும் வயசுக்கு வரலைன்னா ஜாதகத்தைத் தூக்கிட்டுப் போறவங்க இன்னும் உண்டு. பார்க்க வேண்டியது குரோமோசோமாகவும் இருக்கலாம். 1938ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் ஏழு பேரிடம் இந்தக் குறைபாட்டை விவரித்தார். 1959ல் சார்லஸ் ஃபோர்டு குழு காரணத்தைக் கண்டது: இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான்.

இவர்களில் பலருக்கு ஈசிஜியில் ‘க்யூடி’ இடைவெளி நீண்டிருப்பது பிற்பாடு தெரிந்தது. இதயத்தின் கீழறைகள் மின்னளவில் கிளம்பி, மறுபடி ஓய்வுக்குத் திரும்பும் நேரம் அது. ரொம்ப நீண்டால் சில மருந்துகளே துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கு உலை வைக்கும்.

துடிப்பு வேகமானால் க்யூடி சுருங்கும். அதனால் கணக்கில் சரிசெய்ய வேண்டும். 1920ல் இரண்டு வழிகள் வந்தன. பாசெட் வர்க்கமூலத்தால் வகுத்தார், ஃப்ரிடெரிசியா கனமூலத்தால். நிமிடத்துக்கு 100 துடிப்பு, க்யூடி 360 மில்லி செகண்ட் என்று வைத்துப் பாருங்கள். பாசெட் கணக்கில் 465, ஃப்ரிடெரிசியா கணக்கில் 427. ஒன்று பயமுறுத்துகிறது, மற்றது பேசாமல் இருக்கச் சொல்கிறது.

டர்னர் உள்ளவர்களுக்கு ஓய்விலும் துடிப்பு சற்று வேகம். ஆகவே எந்தச் சூத்திரம் என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பேன்.

2017ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், நோய் உறுதியானதுமே ஈசிஜி எடுத்து க்யூடி பார்க்கச் சொல்கிறது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. ஜாதகத்தோடு அந்தச் சீட்டையும் சேர்த்து வைப்போமே.