அமீரின் அரண்மனையும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும்: வட நைஜீரியா தரும் படிப்பினை

மதரஸாக்களில் இஸ்லாமிய வரலாறு நடத்தும்போது உஸ்மானியர், முகலாயர் வரை வந்து நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. தேர்தலில் வென்றவரிடம் அதிகாரம் இருக்கிறது. பரம்பரைத் தலைவரிடம் மக்களின் நம்பிக்கை இருக்கிறது. இவ்விருவரும் ஒரே ஊரில் எவ்வாறு இணைந்து பணியாற்றுவது? இக்கேள்விக்கு விடை தேடுவோர் வட நைஜீரியாவின் வரலாற்றை அவசியம் படிக்க வேண்டும்.

1754ஆம் ஆண்டு கோபிர் நாட்டில் பிறந்த ஷைகு உஸ்மான் தன் ஃபோதியோ (ரஹ்) அவர்கள் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த மார்க்க ஆசிரியர். ஊர் ஊராகச் சென்று மார்க்கம் போதித்த அவர், பெண்களுக்குக் கல்வி மறுக்கப்படுவதைக் கண்டித்தார். அவருடைய மகள் நானா அஸ்மாஉ பிற்காலத்தில் கிராமப் பெண்களுக்காகவே ஒரு கல்வி அமைப்பை உருவாக்கினார். அக்கால ஹவுஸா மன்னர்களின் அநீதிகளை ஷைகு அவர்கள் தம் ‘கிதாபுல் ஃபர்க்’ நூலில் பட்டியலிட்டார். ஷரீஅத் விதிக்காத வரிகள் என்று அதில் அவர் கண்டித்தவற்றுள் ‘ஜங்காலி’ என்பதும் ஒன்று. இப்பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1804இல் தொடங்கிய போராட்டத்தின் விளைவாகச் சொகோட்டோ கிலாஃபத் உருவானது. கானோ, கட்சினா, ஸஸ்ஸாவ் முதலிய பகுதிகளை அமீர்கள் ஆண்டனர். அவர்கள் அனைவரும் சொகோட்டோவின் தலைமையை ஏற்றிருந்தனர்.

1903இல் பிரிட்டிஷ் படை கானோவையும் சொகோட்டோவையும் கைப்பற்றியது. பரந்த நிலப்பரப்பு, விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளை அதிகாரிகள். எனவே லுகார்டு என்ற ஆளுநர் அமீர்களை நீக்காமல், அவர்கள் வழியாகவே ஆளும் முறையை வகுத்தார். வரி, நீதிமன்றம், காவல், சிறை ஆகியவை அமீரின் பெயரில் இயங்கின. வெளிப்பார்வைக்கு அமீரின் மதிப்பு உயர்ந்ததாகவே தோன்றியது. ஆனால் அவரை நியமிக்கவும் நீக்கவும் வல்ல அதிகாரம் ஆங்கிலேயரிடம் இருந்தது. தம் மக்களுக்கும் ஆலிம்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், அந்நிய அதிகாரிக்குப் பதில் சொல்பவராக ஆனார். அக்காலத்தில் அமீரின் நிர்வாகம் மக்களிடம் வசூலித்த கால்நடை வரியின் பெயர் என்ன தெரியுமா? அதே ஜங்காலி! ஷைகு அவர்கள் எந்தப் பெயரைக் கண்டித்து எழுதினார்களோ, அந்தப் பெயரிலேயே அவர்களுடைய வாரிசுகளின் ஆட்சியில் வரி வசூலானது. பாரம்பரியத் தலைமை தானாகவே நீதியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1960இல் நைஜீரியா விடுதலை பெற்றது. அதன்பின் அமீர்களின் அதிகாரம் படிப்படியாகக் குறைந்தது. முதலில் அவர்களுடைய காவலும் நீதிமன்றங்களும் அரசிடம் சென்றன. 1976ஆம் ஆண்டின் சீர்திருத்தம் நாடெங்கும் ஒரே மாதிரியான உள்ளாட்சி மன்றங்களை அமைத்தது. அமீர்கள் ஆலோசனை கூறும் நிலைக்கு வந்தனர். 1999ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 774 உள்ளாட்சிப் பகுதிகளைப் பெயர் குறிப்பிட்டு, அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை உறுதி செய்தது. பரம்பரைத் தலைவர்களுக்கு அது ஆட்சி அதிகாரம் எதையும் வழங்கவில்லை.

ஆயினும் அமீருக்குக் கீழே ஹாகிமி, அவருக்குக் கீழே கிராமத் தலைவரான தகச்சி, அவருக்கும் கீழே தெருத் தலைவரான மை உங்குவா என்ற அமைப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்தக் குடும்பம் புதிதாகக் குடியேறியது என்பதை மை உங்குவா அறிவார். இந்த அறிவின் மதிப்பை ஒரு பெரும் சோதனை வெளிக்கொணர்ந்தது.

1996இல் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஒரு வெளிநாட்டு மருந்து நிறுவனம் நோயுற்ற குழந்தைகளிடம் புதிய மருந்து ஒன்றைச் சோதித்தது. அதனால் எழுந்த கசப்பு மக்கள் மனத்தில் ஆறவில்லை. 2003இல், போலியோ சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி பரவியது. கானோ உள்ளிட்ட சில வட மாநிலங்கள் மருந்து கொடுப்பதை நிறுத்தின. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்த பிறகே, 2004இல் கானோவில் பணி மீண்டும் தொடங்கியது. அதற்குள் நோய்க்கிருமி நைஜீரியாவின் எல்லையைக் கடந்து, சுமார் 20 நாடுகளுக்குப் பரவிவிட்டது. நடக்க வேண்டிய எத்தனையோ குழந்தைகளின் கால்கள் முடங்கின.

அரசிடம் பணமும் மருந்தும் ஊழியர்களும் இருந்தும், கதவைத் திறக்கச் செய்யும் சொல் இல்லை. 2009இல் சொகோட்டோ சுல்தான் ஸஅது அபூபக்கர் அவர்களின் ஆதரவோடு வட பகுதிப் பாரம்பரியத் தலைவர்களின் குழு ஒன்று இப்பணிக்காக அமைக்கப்பட்டது. தெருத் தலைவர்கள் மருந்து ஊழியர்களுடன் வீடு வீடாகச் சென்றனர். மறுத்த குடும்பங்களிடம் பேச ஹாகிமிகளும் இமாம்களும் சென்றனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன, 2013இல் கானோவில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆனாலும் பணி நிற்கவில்லை. 2016க்குப் பின் நைஜீரியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எவரும் பாதிக்கப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 25 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியம் அக்கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இதைக் கொண்டு, அமீர்களிடமே ஆட்சியைத் திருப்பித் தந்துவிடலாம் என்று முடிவு கட்டுவது தவறு. அமீரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் தவறிழைத்தால் தேர்தலில் மாற்றவும் இயலாது. அதேபோல் உள்ளாட்சி மன்றங்களையும் குறையற்றவை என்று கூற முடியாது. பல மாநிலங்களில் ஆளுநர்கள் உள்ளாட்சித் தேர்தலை நடத்தாமல் ஆண்டுக்கணக்கில் தாமே ஆட்களை நியமித்தனர். உள்ளாட்சிக்குரிய நிதி நேரடியாக அம்மன்றங்களுக்கே செல்ல வேண்டும் என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டிய நிலை வந்தது. மறுபுறம், 2020இல் பதவியிழந்த கானோ அமீர் 2024இல் மீண்டும் அரியணை ஏறினார். ஆளும் கட்சி மாற, அரண்மனையிலும் ஆள் மாறுகிறது. அரசியல்வாதியின் தயவில் நிற்கும் அமீரின் சொல்லை மக்கள் எத்தனை நாள் நம்புவார்கள்?

ஆக, வரி வசூலிப்பதும் பொதுப்பணத்தைச் செலவிடுவதும் மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட மன்றத்திடமே இருக்க வேண்டும். சமாதானம் செய்வது, நல்லதை எடுத்துரைப்பது, ஏழை வீட்டின் நிலையை மன்றத்தின் காதில் போடுவது ஆகியவை பாரம்பரியத் தலைவருக்குரிய பணிகள். ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறிக்கும்போது இருவருமே மதிப்பிழக்கின்றனர்.

நம் மஹல்லாக்களிலும் ஜமாஅத் நிர்வாகம் ஒருபுறமும், வார்டு உறுப்பினர் மறுபுறமும் இருக்கின்றனர். மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஷூரா என்னும் கலந்தாலோசனை இவ்விரு தரப்பாருக்கும் பொதுவானது. தலைமை ஓர் அமானிதம் என்பதை நினைவில் கொண்டவர், தேர்தலில் வந்தாலும் பரம்பரையாக வந்தாலும், கணக்குக் கேட்கப்படுவதைக் கண்டு அஞ்சமாட்டார். அத்தகைய தலைவர்களை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.