குல்மார்க் பனிச்சறுக்குப் பயணம்: கிழக்கிலங்கையிலிருந்து

குல்மார்க் பனிச்சறுக்குப் பயணம் என்பது, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் சரிவில் ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில் உள்ள குல்மார்க் மலைப் புல்வெளிக்குக் குளிர்காலத்தில் சில நாள்களுக்கு மேற்கொள்ளப்படும் விளையாட்டுப் பயணமாகும். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதலாகலையின் உயரமே 2,524 மீற்றர்தான் என்பதால், இங்கிருந்து செல்பவர் அங்கே வண்டியிலிருந்து இறங்கிக் கால்வைக்கும் தரையே தம் நாட்டின் எந்த நிலத்தையும்விட உயரமானது. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, வெருகல் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஈச்சிலம்பற்று போன்ற ஊர்களில் வெண்பனி என்பது படத்தில் மட்டுமே காணக்கூடிய ஒன்று. ஆயினும் அவ்வூர்களின் இளைஞர்கள் யப்பானையும் ஐரோப்பாவையும் நினைத்துச் செலவுக்கு அஞ்சிக் கைவிடும் இவ்விளையாட்டுக்கு, கொழும்பிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்றடையக்கூடிய நாட்டிலேயே இடமிருக்கிறது.

ஈச்சிலம்பற்றில் மார்கழி, தை மாதங்களில் பெரும்போக வயல்களை நனைக்கும் மழையும், அதே நாள்களில் யப்பானின் மேற்குக் கரையில் ஆளுயரத்துக்குக் குவியும் பனியும் ஒரே பருவக்காற்றுத் தொகுதியின் இரு முகங்கள். சைபீரியாவின் மேல் குளிர்காலத்தில் உருவாகும் உயரமுக்கத்திலிருந்து வெளியேறும் குளிர்ந்த வறண்ட காற்று, யப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏற்று, மலைகளில் மோதிப் பனியாகப் பொழிகிறது. ஆசியாவின் தென்பகுதியில் அக்குளிர்காலக் காற்றோட்டமே வடகீழ்ப் பருவக்காற்றாகி, வங்காள விரிகுடாவின் ஈரத்துடன் இலங்கையின் கிழக்குக் கரைக்கு மாரிமழையைத் தருகிறது. காஷ்மீரின் பனி இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி நகரும், மேற்கத்திய இடையூறுகள் என வானிலையாளர் வழங்கும் தாழமுக்க அலைகளே அங்கு பனியைக் கொணர்கின்றன. அவை வருவதும் வராததும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். யப்பானின் பனி ஏறக்குறைய நம்பத்தக்கதாகவும் குல்மார்க்கின் பனி காத்திருந்து பெறவேண்டியதாகவும் இருப்பதன் காரணம் இதுவே. பயணத் திட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரிகள் 1920களில் குல்மார்க்கில் பனிச்சறுக்கைத் தொடங்கினர். விடுதலைக்குப் பின் இந்திய இராணுவம் 1948இல் தன் பனிமலைப் போர்ப் பயிற்சியை இங்கு தொடங்கியது. 1960களின் இறுதியில் இந்திய அரசின் சுற்றுலாத்துறை சார்பில் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் உருவானது. குல்மார்க்கிலிருந்து கொங்தூரி வரையான கேபிள் காரின் முதற்கட்டம் 1998இலும், அங்கிருந்து அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீற்றர் உயரம் வரையான இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான் இம்மலையடிவாரத்தில் வளர்ந்தவர்.

காலத் தெரிவே செலவைத் தீர்மானிக்கும் முதற்பொருள். டிசம்பர் 21 அளவில் தொடங்கும், சில்லாய் கலான் எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிர்க்காலத்தில் பனி தேங்கும் என்பது காஷ்மீரிகளின் பழைய கணக்கு. ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வெறும் மண்ணாகவே கிடந்தது, 2025இல் அங்கு பெப்ரவரியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி பனிக்குறைவால் மார்ச் மாதத்துக்குத் தள்ளப்பட்டது. டிசம்பரிலும் ஜனவரியிலும் டெல்லியை மூடும் அடர்மூடுபனியால் விமானங்கள் அடிக்கடி தாமதமாவதும் சேர்ந்துகொள்வதால், பெப்ரவரி நடுப்பகுதியே பாதுகாப்பான தெரிவு. பெரும்போக அறுவடைக்குக் கையாள் தேவைப்படும் வீட்டுக்காரருக்கு இது சங்கடமான காலந்தான். வயலின் வெட்டு நாளை முதலில் அறிந்துகொண்டு பயண நாளைக் குறிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. ஒரு கிழமைப் பயணத்தில் சறுக்குவதற்கு மூன்று நாள்களும், பனியோ விமானமோ ஏமாற்றினால் ஈடுசெய்ய ஒரு வெற்று நாளும் ஒதுக்கப்படவேண்டும். சிக்கனம் கருதி இந்த வெற்று நாளை வெட்டுவோரே முழுப்பணத்தையும் இழப்பவர்கள்.

திருகோணமலையிலிருந்து இரவுப் பேருந்தில் அல்லது புகையிரதத்தில் கொழும்பை அடைந்து, கட்டுநாயக்காவிலிருந்து டெல்லிக்கும் அங்கிருந்து ஸ்ரீநகருக்கும் விமானத்தில் செல்வது வழக்கமான பாதை. 2025 ஜூன் 6 அன்று, செனாப் ஆற்றின் மீது 359 மீற்றர் உயரத்தில் நிற்கும் வளைவுப் பாலத்துடன் காஷ்மீர் ரயில்பாதையின் இறுதிப்பகுதி திறக்கப்பட்டதால், டெல்லியிலிருந்து இரவு ரயிலில் கத்ராவுக்கும், அங்கே மாறி ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் ஸ்ரீநகருக்கும் செல்லும் மலிவான வழியும் கிடைத்துள்ளது. போகும்போது ரயிலும் திரும்பும்போது விமானமும் என்ற கலப்பு, பணத்துக்கும் நாளுக்கும் இடையில் நியாயமான பங்கீடு. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தங்மார்க் என்ற அடிவார ஊர் வரை பகிர்வு வண்டிகள் ஓடும், எஞ்சிய 13 கிலோமீற்றர் மலைப்பாதைக்குப் பனிநாளில் சில்லுகளில் சங்கிலி பூட்டிய வண்டி தேவை. தங்மார்க்கில் அறை வாடகை குறைவு எனினும், பனி கொட்டிய காலையில் பாதை திறக்கக் காத்திருப்பவர் நண்பகலில்தான் சரிவை அடைவார். ஆதலால் சறுக்கும் நாள்களில் குல்மார்க்கிலேயே எளிய விடுதியில் தங்குவது நன்று. அறையில் சூடாக்கி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை முன்பதிவுக்கு முன் கேட்டறிய வேண்டும், ஏனெனில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக்கும் இறங்கும்.

முதன்முறை செல்பவர் கேபிள் காரின் உச்சிக்கு விரையத் தேவையில்லை. கோடையில் கொல்ஃப் மைதானமாக இருக்கும் தாழ்வான சரிவுகளே தொடக்கப் பயிற்சிக்களம். பலகை, கோல், சப்பாத்து அனைத்தும் அங்கேயே வாடகைக்குக் கிடைப்பதால் எதனையும் வாங்கவேண்டியதில்லை. வாடகைக் கடையில் அதிக நேரம் செலவிடத் தக்க பொருள் சப்பாத்து. அது கணுக்கால் அசையாதபடி கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. பெரிய அளவு வசதியாகத் தோன்றினும் உள்ளே குதி தூக்குமாயின் பலகை சொன்னபடி திரும்பாது, எனவே முழங்காலை முன்வளைத்து நிற்கையில் குதி படிந்தும் விரல்கள் நுனியை மெல்லத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவே சரி. பலகையையும் சப்பாத்தையும் இணைக்கும் பிணைப்பு, விழும்போது தானாகக் கழன்று முழங்காலைக் காக்கும் பொறி. அதன் இறுக்கம் நிறை, உயரம், வயது, பயிற்சி ஆகியவற்றைக் கேட்டே அமைக்கப்படவேண்டும், கேட்காமல் பலகையை நீட்டும் கடையை விட்டு விலகலாம்.

முதற்பாடம் நிற்றல். இரு பலகைகளின் முனைகளையும் நெருக்கி வால்களை அகற்றி, கலப்பையின் கொழுப்போல் கூம்பாக்கி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் அடங்கும். ஒரு காலில் பாரத்தைக் கூட்டினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த இரண்டும் கைவந்த பின்னரே இழுவைக் கம்பியில் மேலேறுவது முறை. பின்னோக்கிச் சாய்வதே புதியவரின் இயல்பான அச்சச் செயல், அதுவே பலகையைக் கட்டுமீறி ஓடச்செய்கிறது என்பதால், பயிற்றுநர் திரும்பத் திரும்பக் கணைக்காலைச் சப்பாத்தின் முன்பக்கத்தில் அழுத்தச் சொல்வார். மூன்று நாள்களுள் முதலிரண்டிலும் பயிற்றுநருக்குக் கொடுக்கும் கூலி, பயணத்தின் மிகப் பயனுள்ள செலவு. அரசுப் பயிற்சி நிலையம் தங்குமிடம், உணவு, உபகரணம் அனைத்தையும் சேர்த்து நடத்தும் இரு வாரப் பாடநெறி, நாட்கணக்கில் பார்த்தால் மிக மலிவானது. நீண்ட விடுமுறை வாய்ப்போர் வெளிநாட்டவருக்கான கட்டணத்தையும் இடங்களையும் முன்னதாக விசாரித்து அதனையே தெரிவுசெய்யலாம்.

அபர்வத்தின் மேற்சரிவுகள் உலகப் புகழ்பெற்றவை, ஆயினும் அவை புதியவருக்கு உரியவை அல்ல. கேபிள் காரை ஒட்டிய பகுதிக்கு அப்பால் உள்ள பெரும்பரப்பு பனிச்சரிவுக் காப்பு அற்றது. 2023 பெப்ரவரியில் இரு போலந்து நாட்டவரும், 2024 பெப்ரவரியில் ஒரு ரஷ்யரும் அங்கு பனிச்சரிவில் உயிரிழந்தனர். கடல்மட்டத்து ஊரிலிருந்து வருவோருக்கு உயரமும் தனிச் சுமை: தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றினால் மேலேறாமல் ஓய்ந்து நீரருந்த வேண்டும், குறையாவிடில் கீழிறங்க வேண்டும். பல சாதாரண பயணக் காப்புறுதிகள் பனிச்சறுக்கை விலக்கிவிடுவதால், அது உள்ளடங்கியதா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆவணங்களில் இந்திய விசாவை இணையவழி பெறலாம். ஸ்ரீநகரில் வெளிநாட்டவர் பதிவும் உண்டு, ஆகவே கடவுச்சீட்டின் படிகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. பிற மாநிலங்களில் வாங்கிய முற்கொடுப்பனவுச் சிம் அட்டைகள் காஷ்மீரில் இயங்காமற்போகக்கூடும். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டதையடுத்துப் பல சுற்றுலாத் தலங்கள் சிலகாலம் மூடப்பட்டன; புறப்படுமுன் அண்மை நிலையை அறிந்துகொள்ளாமல் அங்கு செல்வது தகாது. சோதனைச் சாவடிகளுக்கிடையே வாழ்ந்து பழகிய வெருகல் பகுதி மக்களுக்குக் காஷ்மீரியரின் அன்றாடத்தை விளக்கவேண்டியதில்லை. ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்கிரி எனும் கங்குச் சட்டியை ஏந்தியபடி பனிவண்டி இழுக்கும் அம்மலையடிவார மக்களுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் சிக்கனப் பயணத்துக்கு முரணானதன்று.

உத்தராகண்டின் அவுலி மற்றொரு தெரிவாக இருந்தது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் ஒரு பகுதி அங்கு நடந்தது. ஆனால் 2023 ஜனவரியில் அடிவார நகரான ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்ததால் அதன் கேபிள் கார் நிறுத்தப்பட்டது.

யப்பானின் வலிமை தண்டவாளத்தில் உள்ளது. நீகாத்தா மாநிலத்தின் காலா யுசாவா நிலையம் சறுக்குத் தலத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால், தோக்கியோவில் காலையில் அதிவேக ரயிலேறுபவர் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் வாடகைக் கடையின் முன் நிற்கலாம், மாலையே நகரின் மலிவு விடுதிக்குத் திரும்பலாம். மூன்று நாள் வட்டார ரயில் அனுமதிச்சீட்டு, மலையடிவாரக் குடும்பங்கள் நடத்தும் மின்ஷுகு விடுதிகள், இரவுப் பேருந்துகள் ஆகியவை அங்கும் செலவைக் குறைக்கின்றன. எனினும் கொழும்பு–நரித்தா விமானச்சீட்டும், நிதிச் சான்றுகளுடன் கோரவேண்டிய விசாவும் இலங்கையர் மீது முதலிலேயே விழும் பெருஞ்சுமைகள். கூம்பு நிலையைக் குல்மார்க்கில் கற்று, தமக்கு இவ்விளையாட்டு ஒத்துவருமென உறுதிப்பட்ட பின் அச்சுமையை ஏற்பவருக்கு, யுசாவாவின் மூன்று நாள்களும் முழுமையாகச் சறுக்குவதற்கே கிடைக்கும்.