சாவி, வஜா, நிவாரணம்

எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனைக் கல்வெட்டுகள் ஊர்ப்பாகங்கொண்டருளிய மகாதேவர் என்று குறிக்கின்றன. ஊரில் ஒரு பங்கைக் கொண்டவர் என்பது பொருள். எந்த நிலம் யாருடையது, அதன் விளைவில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இவ்வூருக்குப் புதியதன்று. விளைவு அழிந்தால் அவ்விழப்பில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை நேரான விடை இல்லை.

1801இல் ஆர்க்காட்டுச் சீமை கும்பெனியார் வசமான பிறகு, தென்னார்க்காட்டில் இரயத்துவாரி முறை வேரூன்றியது. கதிர் பிடிக்காமல் காய்ந்த பயிரை உழவர்கள் 'சாவி' என்பார்கள். வருவாய்த் துறையினர் இச்சொல்லை அப்படியே தம் விதிகளில் ஏற்றுக்கொண்டனர். சாவியான நிலத்துக்குத் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பது 'வஜா'. இதுவும் பெரும்பாலும் நன்செய்க்கே உரியது. மழையை மட்டுமே நம்பிய புன்செய்க்குப் பருவம் முற்றிலும் பொய்த்த ஆண்டுகளில்தான் விதிவிலக்காக வழங்கப்பட்டது. கூர்ந்து நோக்கினால் வஜா என்பது கொடை அன்று. உழவனுக்கு அரசு எதையும் தரவில்லை. அவனிடமிருந்து வாங்கவிருந்ததை வாங்காமல் விட்டது, அவ்வளவே. தீர்வை கட்டாதவனுக்கு அதில் இடமே இல்லை.

1876-78 பெரும்பஞ்சம் இந்த ஏற்பாட்டின் வறுமையைக் காட்டிற்று. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் நின்ற அப்பேரழிவுக்குப் பின்னர் பஞ்சக் கமிஷன் அமைந்தது. 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும், 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் வந்தன. விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் 'தக்காவி' கிடைத்தது. ஆனால் அது கடன். பெரும்பாலும் ஈடாக நிலம் வேண்டும்.

திருப்பித் தர வேண்டாத நிவாரணம் என்பது சுதந்திர இந்தியாவில் மெல்ல மெல்ல வளர்ந்த கருத்து. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை மூழ்கடித்தபோது தமிழக அரசு அறிவித்த தொகைகள் இவை: 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000, கோழிக்கு 100. மானாவாரிக் கணக்கை ஏக்கருக்கு மாற்றினால் ஏறத்தாழ 3,440 ரூபாய். நன்செய்க்கும் புன்செய்க்கும் இடையே வஜா காலத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு, வேறு உருவில் இங்கும் தொடர்வதைக் காணலாம்.

இந்தத் தொகை யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது கிராமக் கணக்கு. கர்ணமும் மணியமும் 1980இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அடங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் பெயர் அதில் ஏறுவது அரிது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற அச்சத்தில் கேட்பவர்தான் குறைவு. விதை, உரம், உழைப்பு ஒருவருடையது. வங்கிக் கணக்கில் வரவு மற்றொருவருக்கு. மேற்கே கல்வராயன் மலையிலோ, சுதந்திரத்துக்குப் பின்னும் 1970கள் வரை ஜாகீர்தார்களின் ஆட்சி நீடித்தது. பட்டா அங்கே இன்னும் அரிய பொருள்.

நிலமற்றவர் இந்தப் பயிர், கால்நடைப் பட்டியலில் இடம்பெறக்கூடிய வழி ஒன்றே: அவருடைய ஆடோ மாடோ கோழியோ இறந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் அவர் இழந்த ஒரு மாதக் கூலிக்கு இதில் தலைப்பே கிடையாது.

நிவாரணத் தொகையை உயர்த்தச் சொல்லும் குரல்கள் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எழுகின்றன. அவை நியாயமானவை. ஆனால் அடங்கலில் உழுகிறவர் பெயரை எழுதாதவரை, உயரும் ஒவ்வொரு ரூபாயும் நிலத்துக்குத்தான் போகும். அதில் நின்று நனைந்தவருக்கு அன்று.