மூளைக்கு வயது என்ன?

ஜப்பானில் செந்தாய் நகரத்துத் தொஹோகு சர்வகலாசாலையில் மூளையை ஆராய்பவர் ரியூட்டா கவாஷிமா. 2001-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கருத்து, பெற்றோர்கள் பலரைக் கவலையில் ஆழ்த்தியது. வீடியோ விளையாட்டு ஆடும் பிள்ளையின் மூளையில் பார்வைக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள்தாம் வேலை செய்கின்றனவாம். அதே பிள்ளை சாதாரணக் கூட்டல் கணக்குப் போட்டால், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையும் விழித்துக்கொள்கிறதாம்!

விதியின் வேடிக்கையைப் பாருங்கள். 2004 டிசம்பரில் நின்டெண்டோ கம்பெனித் தலைவர் சதோரு இவாதா அந்தப் பேராசிரியரையே தேடிப் போனார். கணக்கையே விளையாட்டாக்கிவிட்டால் என்ன என்பது யோசனை. 2005 மே மாதம் சரக்கு கடைக்கு வந்துவிட்டது. கையடக்கமான யந்திரத்தைப் புத்தகம்போல் விரித்துப் பிடித்து, திரையில் சிறு குச்சியால் விடை எழுத வேண்டும். முடிவில் அது உங்கள் மூளையின் வயதைச் சொல்லும். மிகச் சிறந்த வயது 20. உலகமெங்கும் சுமார் 1 கோடியே 90 லட்சம் பிரதிகள் விற்றன.

வயதானவர்களை மனத்தில் வைத்துச் செய்த பண்டம் அது. ஆனால் வீட்டில் ஒரு விளையாட்டுப் பொருள் இருந்தால் அது யார் கைக்குப் போய்ச் சேரும்? பத்து வயதுப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் இருபதுக்குக் கீழே இறங்க முடியாது. தடுமாறினாலோ, தாத்தாவின் வயதைச் சொல்லிவிடும்!

2008-ல் ஸ்காட்லாந்தில் 32 பள்ளிகளில் பரீட்சை நடத்தினார்கள். ஒரு பாதிக் குழந்தைகள் தினம் 20 நிமிஷம் வீதம் ஒன்பது வாரம் இதை ஆடினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் படித்தார்கள். ஆடியவர்களே கணக்கில் அதிகம் தேறினார்கள். பிரான்ஸில் ரென் நகரத்துப் பேராசிரியர் அலென் லியூரி இன்னொரு வழி செய்தார். 67 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு யந்திரத்தையும், சிலருக்குக் காகிதமும் பென்சிலும் கொண்ட புதிர்களையும் கொடுத்தார். யந்திரம் பிடித்தவர்கள் மற்றவர்களைக் கணக்கில் மிஞ்சிவிடவில்லை. ஞாபக சக்தியில் பென்சில்காரர்களே முன்னே நின்றார்கள்.

அப்படியானால் யந்திரம் வீண்தானா? ஸ்காட்லாந்துக் குழந்தைகளை மறந்துவிடக் கூடாது. கணக்கென்றால் ஓடி ஒளியும் பிள்ளை தானாக வந்து உட்கார்ந்தால் அது சின்னக் காரியமல்ல. அந்த ஆசையை எதைக் காட்டி வளர்த்தாலும் சரியே. ஆனால் குழந்தையின் மூளைக்கு வயது குறிக்கும் அதிகாரத்தை மட்டும் ஒரு கடைச் சரக்கிடம் ஒப்படைத்துவிட வேண்டாம்.