சிறுவயதுப் புகையிரதமும் சின்னத் தண்டவாளமும்

அரசர்தம் ஆட்சியும் போர்களும் வரலாற்று நூல்களில் நிரம்ப இடம்பெறுகின்றன. பெரும் புகையிரதப் பாதைகள் அமைந்த கதையும் அந்நூல்களில் உண்டு. ஆயின், நாளொன்றுக்குச் சில வண்டிகளே நின்று சென்ற ஒரு கிராமத்து நிலையம் எவ்வாறிருந்தது, அதன் மேடையில் எவ்விளக்கு எரிந்தது, பாற்கலங்கள் எம்மூலையில் அடுக்கப்பட்டன என்பவற்றை எழுதிவைத்தோர் மிகச் சிலரே. இங்கிலாந்திலே இத்தகைய சிறு செய்திகளைக் காத்துத் தந்தவர்களுள் மாதிரிப் புகையிரதம் அமைத்தோர் ஒரு சாரார். இளமையில் தம் ஊர் வழியே ஓடிய வண்டிகளை மறக்கமாட்டாது, முதிர்ந்தபின் அவற்றை மேசை மீது மீண்டும் ஓடவிட்டவர்கள் அவர்கள்.

இக்கலை விளையாட்டுப் பொருளிலிருந்தே பிறந்தது. ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், அளவு வரையறுத்த தண்டவாளங்களோடு கூடிய விளையாட்டுப் புகையிரதங்களைக் காட்சிக்கு வைத்தனர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோண்பி 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் புகையிரதங்களை விற்கத் தொடங்கினார். 1938இல் அவருடைய நிறுவனம் சிறிய அளவிலான வேறொரு வரிசையை வெளியிட்டது. அதன் பின்னர், சாதாரண வீட்டின் ஒரு சிற்றறையிலும் ஒரு நிலையத்தை அமைக்கும் வாய்ப்புப் பலருக்குக் கிட்டியது.

இச்சிறிய அளவிலே ஓர் அடி நீளம் 4 மில்லிமீற்றராகச் சுருங்கும். அஃதாவது, உண்மைப் பொருள் எழுபத்தாறில் ஒரு பங்காகும். 60 அடி நீளமான பயணிகள் பெட்டி 24 சதமமீற்றராகி உள்ளங்கையிலும் முன்கையிலும் அடங்கிவிடும். ஆயினும், தூரம் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஒரு மைல் பாதைக்கு ஏறத்தாழ 21 மீற்றர் இடம் வேண்டும். எனவே, மாதிரி அமைப்பவர் எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தே ஆகவேண்டும். அத்தேர்வைச் செய்வதில் அளவுகோலுக்குள்ள பங்கைவிட நினைவுக்குள்ள பங்கே பெரிது. சிறுவனாக நின்று பார்த்த வளைவு நிலைபெறும். அவன் கண்ணிற் படாத நெடுவெளி நீங்கும்.

இவ்வாறு நினைவை ஆக்கமாக்கியவர்களுள் புகழ்பெற்றவர் வணக்கத்துக்குரிய வில்பேட் ஓட்றி என்பவர். இவர் 1911ஆம் ஆண்டு ஹம்ப்ஷயர் மாகாணத்து ஆம்ப்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் மதகுருவே, புகையிரதங்களில் பெருவிருப்புடையவர், தாமே ஒரு மாதிரிப் பாதையையும் அமைத்திருந்தார். பின்னர் அக்குடும்பம் வில்ட்ஷயரிலுள்ள பொக்ஸ் என்னும் ஊரிற் குடியேறியது. அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு அண்மையில் கிரேட் வெஸ்ரேண் கம்பனியின் பெரும்பாதை சென்றது. பொறியியலாளர் பிரூனெல் அமைத்து, 1841இல் திறக்கப்பட்ட பொக்ஸ் சுரங்கவழி அங்கேதான் தொடங்குகிறது. அதன் நீளம் இரண்டு மைலுக்குச் சற்றே குறைவு; கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு அது நெடுக ஏற்றமே.

பாரம் மிகுந்த சரக்கு வண்டிகள் அவ்வேற்றத்தைத் தனியே கடக்கமாட்டா. ஆதலின், பின்னாலிருந்து தள்ளுவதற்கு மற்றோர் இயந்திரம் சேர்க்கப்படும். முன்னியந்திரம் ஊதும், பின்னியந்திரம் மறுமொழியாக ஊதும், இரண்டும் மூச்சிரைத்து ஏறும். இரவிலே படுக்கையிற் கிடந்த சிறுவனின் செவிக்கு அவ்வோசைகள் உரையாடலாகவே கேட்டன. தன்னால் இயலாதென்று ஒன்று முறையிடுவதையும், இயலுமென்று மற்றொன்று ஊக்குவதையும் அவன் கேட்டான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு குணமுண்டு என்ற எண்ணம் அவ்விரவுகளிலே அவனுள் வேரூன்றியது.

ஆண்டுகள் கழிந்தன. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பேர்மிங்காம் நகரின் ஒரு பகுதியில் குருப்பணி ஆற்றிவந்த ஓட்றியின் மகன் கிறிஸ்தோப்பர் சின்னமுத்து நோயால் படுக்கையிற் கிடந்தான். பிள்ளையின் சலிப்பை நீக்கத் தந்தை புகையிரதக் கதைகளைச் சொன்னார். அக்கதைகள் 1945இல் முதல் நூலாக வெளிவந்தன. கடைச் சரக்குகள் அரிதாயிருந்த அந்நாளில் தும்புத்தடியின் காம்பும் மரத்துண்டுகளும் கொண்டு மகனுக்கு விளையாட்டு வண்டிகளைச் செய்தளித்தார். கதையில் வரும் பெரிய இயந்திரத்தைச் செய்வது கடினமாயிருக்கவே, சிறியதொன்றைச் செய்தார். அதற்குத் தோமஸ் என்று பெயர் அமைந்தது. 1946இல் அச்சிற்றியந்திரத்தின் கதை நூலாகியது. 1972 வரையில் ஓட்றி இவ்வரிசையில் 26 நூல்களை எழுதினார்.

நூல்களைப் படித்த சிறுவர்கள் ஐயவினாக்களை எழுப்பினர். ஒரு படத்திற் கண்ட பாதை மறு படத்தில் மாறியிருப்பதேன் என்று கேட்டனர். விடை கூறும் பொருட்டு ஓட்றி தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து ஒரு கற்பனைத் தீவையே வகுத்தார். மான் தீவின் ஆயருக்குச் சோடோர், மான் என்னும் இரு பெயர்களும் சேர்ந்த பட்டம் உண்டு. மான் என்ற தீவு இருக்கிறது. சோடோர் என்ற தீவு இல்லை. அவ்வெற்றிடத்தில் அவர் தம் புகையிரதங்களுக்கு நாடு தேடினார். மலைகளும் ஊர்களும் குறித்த நிலப்படம் வரையப்பட்டது. அத்தீவின் கிளைப்பாதையொன்றின் முடிவிலுள்ள பார்க்குவார் என்னும் நிலையத்தை அவர் மாதிரியாக அமைத்துக் கண்காட்சிகளிற் காட்டினார். செவிவழி வந்த நினைவு கதையாகி, நிலப்படமாகி, ஈற்றில் கண்முன் ஓடும் வண்டியாகியது.

கற்பனையை நாடாது உண்மையையே பதிவுசெய்தோரும் உளர். அவுஸ்திரேலியாவிற் பிறந்த றோய் இங்கிலண்ட் என்பவர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்து, வெண்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியின் பழைய குடில்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். அவை ஒவ்வொன்றாக உருமாறுவதையும் கண்டார். உருமாறுமுன் அளந்து, எழுபத்தாறில் ஒரு பங்காக அமைத்துவிட வேண்டுமென்று துணிந்தார். அத்துணிவின் பயனாக 1954இல் லோங் விட்டனம் என்னும் கிராமத்திலே பெண்டன் அரும்பொருளகம் தோன்றியது. கூரை வேய்ந்த குடில்களும், தோட்டங்களும், அவற்றினூடே செல்லும் புகையிரதங்களும் அங்கே 1930ஆம் ஆண்டுகளின் தோற்றத்தோடு காணப்படுகின்றன.

இம்முயற்சிகளின் அருமை பின்னரே தெளிவாயிற்று. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரித்தானியப் புகையிரதச் சபைத் தலைவர் றிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கையை வெளியிட்டார். நட்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடவேண்டும் என்பது அதன் கருத்து. கணக்கேடு அவர் பக்கமே நின்றது. மோட்டார் வாகனங்கள் பெருகிப் பயணிகள் குறைந்திருந்தமை உண்மையே. ஆயினும், சந்தைக்கும் பள்ளிக்கும் அவ்வண்டியையே நம்பியிருந்த கிராமத்தார் வழியற்றவராயினர். ஓட்றியின் இளமைக்கால ஊராகிய பொக்ஸ் நிலையமும் 1965இல் மூடப்பட்டது. பெரும்பாதையில் வண்டிகள் இன்றும் செல்கின்றன, அவ்வூரில் நிற்பதில்லை. 1968 ஆகஸ்ட் மாதத்தோடு பிரித்தானிய அரசாங்கப் பெரும்பாதைகளில் நீராவிப் பயணிகள் வண்டிகளின் வழமையான சேவையும் முடிவெய்தியது.

நினைவு மேசையோடு நின்றுவிடவில்லை என்பதும் இவ்விடத்திற் கூறத்தக்கது. வேல்ஸ் நாட்டில், 1865இல் கற்பலகைச் சுரங்கத்துக்காக அமைந்த தலிலின் என்னும் ஒடுங்கிய பாதையொன்று உரிமையாளரின் மறைவோடு 1950இல் அழியும் நிலையை அடைந்தது. அப்போது ஆர்வலர் பலர் சங்கமாகக் கூடி, ஊதியம் பெறாது உழைத்து, 1951இல் அதனை ஓடச்செய்தனர். தொண்டர்களால் காக்கப்பட்ட உலகின் முதற் புகையிரதப் பாதை அதுவே. 1952ஆம் ஆண்டிலே வண்டிக் காப்பாளராக நின்று அங்கே தொண்டு புரிந்தவர்களுள் ஓட்றியும் ஒருவர்.

அவர் 1997இல் மறைந்தார். அவருடைய எழுத்தறை, அப்பாதை தொடங்கும் டவின் நகர நிலையத்து அரும்பொருளகத்தில் மீள அமைக்கப்பட்டிருக்கிறது. மாதிரி வண்டி எவரையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லமாட்டாது. மூடிய நிலையத்தைத் திறக்கவும் மாட்டாது. ஆனால், அங்கே ஒரு நிலையம் இருந்தது, அது இன்ன வடிவினது, அதை நம்பி மக்கள் வாழ்ந்தனர் என்று சான்று கூறும். கணக்கேட்டில் வரவு வைக்கப்படாத அச்செய்தியை, ஓர் ஊர்ச் சிறுவனின் கண்ணும் செவியுமே முதலிற் குறித்துக்கொண்டன.